கொடிகாமத்து அக்காவுக்கும் கைவிடாத எல்லோருக்கும்

யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்ச் சாப்பாட்டுப் பொருள்களை வெளிநாட்டு வீடுகளுக்கு அனுப்பும் எங்கள் இணையத்தளம், தரவு முழுக்க அழிந்து நின்றுபோனபின், திரும்பவும் இயங்கத் தொடங்கிவிட்டது. நேற்றிரவு ஸ்காபரோவிலிருந்து முதல் ஓடர் வந்தது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்ல இப்போது மனமில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் கொடிகாமத்து அக்காவுக்கு. தொடக்க நாளிலிருந்தே எங்களுக்கு மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் தருபவர். பெரும்பாலான பார்சல்களில் அவருடைய தூள் இருக்கும். எங்கள் தளத்தை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. தரவு முழுக்கப் போய், யாருக்கு என்ன அனுப்புவது என்று தெரியாமல் நாங்கள் இடிந்துபோய் இருந்தபோது பஸ் ஏறி யாழ்ப்பாணம் வந்தார். கையில் ஒரு சீஆர் கொப்பி. நாங்கள் தொலைபேசியில் சொன்ன ஒவ்வொரு ஓடரையும் திகதி, பெயர், ஊர், நிறையோடு எழுதி வைத்திருந்தார். ‘ரொறன்ரோ, தூள் 2 கிலோ, உறைப்புக் குறைய.’ ‘பாரிஸ், பிள்ளை பிறந்த வீடு, சரக்குத்தூள்.’ ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். “என்ர தூள் எந்த வீட்டுக்குப் போகுது எண்டு நான் அறிஞ்சிருக்க வேண்டாமே தம்பி?” என்றார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். அந்தக் கொப்பியையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுத்தான் பாதிக்கு மேற்பட்ட ஓடர்களை மீட்டோம்.

இது என் மூன்றாவது முயற்சி. இதற்கு முந்திய வேலைவாய்ப்புத் தளத்தை 2022இல், நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் மூடினேன். விழுந்து விழுந்து எழும்பியவர்களின் கதைகளைத் தேடிப் படிப்பது அப்போது தொடங்கிய பழக்கம். ஸ்டுவர்ட் பட்டர்ஃபீல்டின் இணைய விளையாட்டுகள் இரண்டும் நிலைக்கவில்லை. ஒன்றிலிருந்து ஃபிளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளம் பிறந்தது, மற்றதிலிருந்து ஸ்லாக் என்ற அலுவலகச் செய்திச் செயலி. எவன் வில்லியம்ஸ் 2001இல் சம்பளம் கொடுக்கக் காசில்லாமல், வலைப்பதிவு எழுத உதவும் பிளாக்கர் தளத்தைத் தனியாளாக நடத்தினார். 2003இல் கூகிள் அதை வாங்கியது, பிறகு ட்விட்டர், மீடியம் என்று போனார். புது சேர்வர் வாங்க பிளாக்கர் பயனர்களே காசு சேர்த்து அனுப்பினார்கள் என்பதும் அந்தக் கதையில் உண்டு. இப்போது அந்த இடத்தைப் படித்தால் கண் கலங்குகிறது. அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அக்காவும் தன் பெயரைப் போட வேண்டாம் என்றுவிட்டார்.

அப்புறம், இரவிரவாகக் கூட இருந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள், ஜெனரேற்றர் தந்த பக்கத்துக் கடைக்காரர், காசைத் திருப்பிக் கேட்காத இலண்டன், சூரிச் வாடிக்கையாளர்கள், ஒரு சொல்லும் குறை சொல்லாத என் வீட்டார், எல்லோருக்கும் நன்றி.

இனி ஒவ்வொரு மாலையும் ஓடர்ப் பட்டியல் அச்சாகும். பொருள் தருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி போகும். எங்கள் சம்பளத்துக்கு முதல் அவர்களுடைய காசு போகும். இதை எல்லோர் முன்னாலும் சொல்லி வைக்கிறேன்.

பார்சல் இன்னும் கிடைக்காதவர்கள் தயங்காமல் அழையுங்கள். கொப்பியில் இல்லாத ஓடராக இருந்தாலும் அனுப்பி வைப்போம்.