திமிங்கிலம் மேலே வரும் அந்தச் சில நிமிடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலைக் கடலில் நீலத்திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகள் பற்றிய தங்கள் கட்டுரையில், அது "மேலே வந்து ஓய்வெடுக்கும்போது" நெருங்கிப் பார்க்கலாம் என்றிருந்தது. அது ஓய்வு நேரமே அல்ல.

கலிபோர்னியாவின் மொன்டரே குடாவில் ஒரு நீலத்திமிங்கிலத்தின் இதயத்துடிப்பைக் கருவி பொருத்திப் பதிந்த ஆய்வு 2019இல் வெளியானது. ஆழத்தில் நிமிடத்துக்கு 4 முதல் 8 துடிப்பு, சில வேளைகளில் வெறும் 2. மேலே வந்ததும் 25 முதல் 37! கீழே பதினாறு நிமிடம் வரை மூச்சடக்கியதால் ஏறிய ஒட்சிசன் கடனை, மேலே இருக்கும் ஒன்று முதல் நான்கு நிமிடங்களுக்குள் அடைக்க வேண்டும். அந்த இதயம் அதைவிட வேகமாக அடிக்க இடமில்லை என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு.

இது ஒரே விலங்கின் எட்டரை மணிநேரப் பதிவு. எண்ணிக்கை குறைவென்று தள்ளிவிட முடியாது. இப்படியொரு பதிவை எடுப்பது அவ்வளவு கடினம். நீண்ட கழியின் நுனியில் கருவியை மாட்டி, திமிங்கிலம் மூச்சு விடும் கணத்தில் உடலில் ஒட்டவேண்டும். நான்கு றப்பர் உறிஞ்சு கிண்ணங்கள். அவற்றில் இரண்டில் ஈ.சி.ஜி. மின்வாய்கள். கிண்ணத்துக்குள் உப்புத்தண்ணீர் கசிந்தால் அதுவே மின்சாரத்தைக் கடத்திச் சமிக்ஞையைக் கெடுத்துவிடும். இதயத்துக்குத் தள்ளி ஒட்டினால் தசைகளின் மின்னதிர்வு துடிப்பை மூடிவிடும். இரை அள்ளும்போது தொண்டைத்தோல் பலூன்போல விரிவதால் கிண்ணம் நழுவவும் கூடும். மொன்டரேயில் அது சறுக்கி, இதயத்துக்குக் கிட்டவாக இடது துடுப்பருகே நின்றதுதான் அதிர்ஷ்டம். றேடியோ அலை கடல்நீருக்குள் போகாது. ஆகவே தரவு முழுவதும் கருவிக்குள்ளேயே இருக்கும். கழன்று மிதக்கும்போது கருவி அனுப்பும் றேடியோ சமிக்ஞையைக் கொண்டு தேடிப் பிடித்தால்தான் கையில் வரும். நம் கடலில் இப்படியொன்று எப்போதாவது மிதக்கக் கண்டால் திறக்காதீர்கள். அன்ரெனா மேல்நோக்கி நிற்கும்படி வையுங்கள், இரும்புப் பெட்டிக்குள் போட்டால் சமிக்ஞை நின்றுவிடும்.

நம் கரையோரம் வருபவை மொன்டரேயில் உள்ளவற்றைவிடச் சிறிய வகை. எண்கள் கொஞ்சம் மாறலாம், கடன் மாறாது. கோணேசர் மலைக்கு அப்பால் திமிங்கிலத்தின் மூச்சு ஊதலைக் கண்டதும் நாலைந்து படகுகள் முழு வேகத்தில் பாய்ந்தால், கடன் தீராமலே அது மறுபடி மூழ்கிவிடும். ஓட்டிகள் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, முன்னால் குறுக்கிடாமல் பக்கவாட்டில் நிற்கட்டும். அது வால் தூக்கி இறங்கும்வரை இயந்திரத்தைக் கூட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
கடல்வாழ் உயிரின ஆர்வலர்கள்,
திருகோணமலை.