செப்டம்பர் 30க்குள் 138,350 வெள்ளி: வளாக மொழி மையத்தின் தமிழ்ப் பகுதிக்கு நன்கொடை வேண்டுகோள்

பெரியோர்களே, தாய்மார்களே, தமிழ் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்களே, வணக்கம்.

சிங்கப்பூரில், பல்கலைக்கழக வளாகத்தில் எழவிருக்கும் உலகக் கல்வி, மொழிக் கற்றல் மையத்தில், மூன்றாம் மாடியின் கிழக்குப் பக்கம் தமிழுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. கட்டடம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. தமிழ்ப் பகுதிக்குள் வரவேண்டிய சிறப்பு வேலைகளின் செலவைச் சமூகம் ஏற்கும் என்று நாம் வாக்குக் கொடுத்திருக்கிறோம். அந்த வாக்கின் விலை 480,000 வெள்ளி. ஜூலை முடிய வந்து சேர்ந்தது 341,650 வெள்ளி. இன்னும் 138,350 வெள்ளி வேண்டும். செப்டம்பர் 30, 2026 அன்று வரைபடங்கள் இறுதியாகின்றன. அதற்குள் தொகை சேராவிட்டால் இரண்டு வகுப்பறைகளின் சுவர்களும், பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் அமரும் சிறு அறைகளான உரைபெயர்ப்புக் கூண்டுகளும் வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டு, அந்த இடம் பொதுப் படிப்புக்கூடமாகிவிடும்.

"இப்போது கூடமாக இருக்கட்டும், பிறகு சுவர் எழுப்பிக்கொள்ளலாமே" என்று நல்ல எண்ணத்தோடு பலர் கேட்கிறார்கள். பேச்சொலி அடுத்த அறைக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் சுவர் தரையிலிருந்து மேல்தளக் கான்கிரீட் வரை போக வேண்டும். பொய்க்கூரையோடு நின்றுவிடும் சுவரின் தலைக்கு மேலாக ஒலி ஏறிக் குதித்துவிடும். கட்டடம் முடிந்தபின் அந்தப் பொய்க்கூரைக்குள் தீயணைப்புத் தெளிப்பான் குழாய், குளிர்காற்றுக் குழாய், மின்கம்பித் தட்டு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றினூடே சுவர் எழுப்பி, ஒவ்வொரு ஓட்டையையும் தனித்தனியே அடைத்து, தீப்பாதுகாப்பு அனுமதியை மறுபடி வாங்குவதற்குள் செலவு எங்கேயோ போய்விடும். குளிர்காற்றுக் குழாயும் அப்படித்தான். இரண்டு அறைகளுக்கு ஒரே குழாய் நேராகப் போனால் அது பேச்சைக் கடத்தும் குழலாகிவிடும். வளைவு வைத்து உள்ளே பஞ்சுறை போட வேண்டும். இதை வரைபடத்தில் செய்வது எளிது.

தமிழ் வகுப்புக்கு இவ்வளவு எதற்கு என்றும் கேட்கிறார்கள். வால், வாள், வாழ் என்று மூன்று சொற்களைச் சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி எங்கே தொடுகிறது, எவ்வளவு வளைகிறது என்பதில்தான் வேறுபாடு. கேட்பவர் காதுக்கு அந்த வளைவைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் முன்னால் வரும் ஆகாரத்தின் கடைசி நுனி. ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குகூட நீடிக்காத ஓசை அது. அறையில் எதிரொலி நீண்டால் முதலில் மூடிப்போவது அந்த நுனிதான். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள் பொருளை வைத்து ஊகித்துக்கொள்வார்கள். புதிதாகப் படிக்கும் மாணவருக்கு விலை, விளை, விழை மூன்றும் ஒன்றாகவே விழும். விழுந்ததைத்தான் அவர் திருப்பிச் சொல்வார். ஆகவே அறையில் எதிரொலி 0.6 வினாடிக்குள் அடங்க வேண்டும், ஆளில்லாத அறையின் இரைச்சல் 35 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று கேட்டிருக்கிறோம். நல்ல வகுப்பறைக்கு உலகெங்கும் வைக்கும் அளவுதான் இது. கண்ணாடிச் சுவரும் வழவழப்பான தரையும் கண்ணுக்கு அழகு, காதுக்குக் கேடு.

உரைபெயர்ப்புக் கூண்டுகள் இரண்டு வருகின்றன. நம் நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம், உடனுக்குடன் உரைபெயர்ப்பு உண்டு. நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரின் வாழ்வு சில நேரம் உரைபெயர்ப்பாளரின் ஒரு சொல்லில் தொங்குகிறது. அந்த வேலைக்கு ஆள் பழக இடம் வேண்டும். இந்த வேலையில் இருவர் அமர்ந்து 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், அதற்குமேல் மூளை தளர்ந்துவிடும். கட்டடத்தோடு நிலையாகக் கட்டும் இருவர் கூண்டு குறைந்தது 2.5 மீட்டர் அகலமும் 2.3 மீட்டர் உயரமும் இருக்க வேண்டும். பேசுபவரின் வாய் தெரிய வேண்டும். நடுவே தூண் வந்தால் அந்த இடம் வீண். காற்று உள்ளே வர வேண்டும், ஆனால் விசிறிச் சத்தம் ஒலிவாங்கியில் விழக்கூடாது. மலிவாகக் கட்டிய கூண்டுகளில் அரைமணி நேரத்தில் மூச்சு முட்டிக் கதவைத் திறந்துவைத்துக்கொள்வார்கள். பிறகு கூண்டு எதற்கு?

இனிக் கணக்கு. இரண்டு வகுப்பறைகளின் சுவர், கதவு, ஒலியடக்கப் பலகைகள்: 96,000 வெள்ளி. கூண்டுகளும் அவற்றின் ஒலிக்கருவிகளும் 100,000. கேட்போருக்கு 60 காதொலிக் கருவிகள், ஒன்று 300 வீதம் 18,000. ஒலிப்பதிவு அறை 41,000. நூலக அலமாரி, ஈரமகற்றும் இயந்திரம், மேலிருந்து படமெடுக்கும் வருடி எல்லாம் சேர்த்து 54,000. கணினி 24, ஒன்று 2,000 வீதம் 48,000; எல்லாவற்றிலும் தமிழ்த் தட்டச்சுக்கான தமிழ்99, அஞ்சல் இரு விசைமுறைகளும் இருக்கும். ஆக 357,000. பொருள் சேவை வரி 9 விழுக்காடு 32,130. ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு 90,870. இந்தக் கடைசித் தொகையை வெட்டலாம் என்று சொன்னவர்கள் உண்டு. குழு ஒப்பவில்லை. திறப்பு விழாவன்று மின்னிய கருவி மூன்றாம் ஆண்டில் பழுதாகி, மாற்றக் காசில்லாமல் துணி போர்த்திக் கிடப்பது கொடுத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

கேட்பதற்கு நமக்கு என்ன உரிமை என்றால், இந்த ஊரின் வரலாறுதான். 1887இல் 'சிங்கை நேசன்' செய்தித்தாள் இங்கே தமிழில் அச்சானது. போர் முடிந்து ஊர் இன்னும் நிமிராத 1946இல், கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அது 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. 1982இல் மூடியபோதும் பெயர் போகவில்லை. இன்று உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையமாக அது நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழவேள் கோ. சாரங்கபாணி. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த 1950களில், அதன் இந்தியவியல் துறையில் தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று தாம் நடத்திய 'தமிழ் முரசு' நாளிதழ் வழியாக வாதாடினார். வாதாடியதோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவரும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் கொடுத்தார்கள். அன்று அந்த ஒரு வெள்ளி ஒரு வீட்டின் சாப்பாட்டுக் காசு. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள்தாம் நாம். அவர்கள் தந்ததில் புத்தகம் வந்தது, துறையில் தமிழ் நின்றது. 1997இல் உலகத் தமிழ் இணைய மாநாடு இந்த மண்ணில் கூடியதற்கும், கணினித் தமிழுக்கு நா. கோவிந்தசாமி வழி காட்டியதற்கும் பின்னால் அந்தப் பிடிவாதமே இருந்தது.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் 2.5. பள்ளியில் படித்த தமிழ், பெரியவர்களானபின் பேசவும் வேலை செய்யவும் ஓர் இடம் கிடைத்தால்தான் நிற்கும்.

இதுவரை கொடுத்த ஒவ்வொருவருக்கும் குழு கைகூப்பி நன்றி சொல்கிறது. ஓய்வூதியத்திலிருந்து மாதம் 20 வெள்ளி கிரோ என்னும் வங்கித் தானியங்கிக் கழிவு வழி அனுப்பும் முன்னாள் தமிழாசிரியர்களுக்கு நன்றி. உண்டியல் வைத்து ஞாயிறுதோறும் எண்ணிக்கொடுத்த தேக்கா கடைக்காரர்களுக்கும், பூக்கடைத் தாய்மார்களுக்கும், தீபாவளிப் பலகாரம் விற்ற தொகையை அப்படியே தந்த குடியிருப்பாளர்களுக்கும் நன்றி. வழிபாட்டுக்குப் பின் அறிவிப்புச் செய்ய இடம் தந்த கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகத்தினருக்கு நன்றி. ஊருக்குப் பணம் அனுப்பிய மிச்சத்தில் ஐந்தும் பத்துமாகச் சேர்த்து 1,215 வெள்ளி தந்த, தங்குவிடுதிகளில் வாழும் வெளிநாட்டு ஊழியத் தம்பிகளுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இங்கே படிக்கப்போவது அவர்கள் பிள்ளைகள்கூட அல்ல. எல்லாம் வல்ல இறைவன் அவர்கள் குடும்பங்களைக் காக்கட்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொங்கல் விருந்தில், நன்கொடை தருவதாக உறுதியட்டையில் கையெழுத்திட்டவர்களில் 61 பேரின் தொகை, 37,900 வெள்ளி, இன்னும் வரவில்லை. சூழ்நிலை மாறியிருக்கலாம், புரிகிறது. அப்படியானால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், குழு எதுவும் கேட்காது. மறந்திருந்தால் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். மேடையில் பெயர் வாசித்தபோது கைதட்டிய கூட்டத்தில் அந்தத் தம்பிகளும் இருந்தார்கள்.

ஆயிரம் குடும்பங்கள் 140 வெள்ளி கொடுத்தால் கணக்கு முடிந்தது. பணம் நேரே பல்கலைக்கழகக் கணக்குக்குப் போகும். இந்த மடலோடு உள்ள பேநவ் (PayNow) பணம் செலுத்தும் குறியீட்டைக் கைப்பேசியால் வருடி, குறிப்புப் பகுதியில் "தமிழ்ப் பகுதி" என்று போடுங்கள், இல்லையேல் பொது நிதியில் கலந்துவிடும். அடையாள அட்டை எண்ணைத் தந்தால் வரிக்கழிவு தானாகப் பதிவாகும். டிசம்பர் 31, 2026 வரை 250 விழுக்காடு கழிவு உண்டு: 1,000 வெள்ளி தந்தால் வரிக்குரிய வருமானத்தில் 2,500 குறையும். 11.5 விழுக்காட்டு வரிப் படியில் இருப்பவருக்கு 287 வெள்ளி 50 காசு மிச்சம். நிதி திரட்டும் செலவு திரட்டியதில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. நமக்கு இதுவரை ஆனது நூற்றுக்கு 3 வெள்ளிக்கும் கீழே. வீடு வீடாக யாரும் வர மாட்டார்கள். குழுவின் பெயரைச் சொல்லி வாசலில் நின்று கேட்டால் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

புத்தகம் தர விரும்புவோர் முதலில் பட்டியல் அனுப்புங்கள். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் பெரும்பகுதி மின்னாக்கம் ஆகிவிட்டது. நமக்கு வேண்டியவை பழைய தமிழ்ப் பள்ளி ஆண்டு மலர்கள், நாடகக் கையெழுத்துப் படிகள், சங்க விழா மலர்கள். தாள்களைக் கோத்திருக்கும் துருப்பிடித்த கம்பியை நீங்களே பிடுங்காதீர்கள், தாள் கிழியும். பூஞ்சை பிடித்ததைத் தனி உறையில் வையுங்கள்.

செப்டம்பர் 30 ஒரு புதன்கிழமை. அன்று மாலை 5 மணிக்கு மொத்தத் தொகையைக் கட்டடக் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். முந்திய திங்கட்கிழமை இரவுக்குள் வந்து சேரும் பணமே அந்தக் கணக்கில் ஏறும்.

தமிழ்ப் பகுதி நிதிக் குழு