குறட்டைக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

'குறட்டை விட்டால் புற்றுநோய்' என்று தங்கள் பத்திரிகையில் வந்த தலைப்பைப் பார்ப்பவர் நேரே கேன்சர் டெஸ்ட் எடுக்கத்தான் ஓடுவார். அவருக்குத் தேவை, தூங்கும்போது மூச்சைப் பதிந்து பார்க்கும் தூக்கப் பரிசோதனை.

குறட்டை எல்லாம் நோயல்ல. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபட்டு, 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோவதுதான் ஸ்லீப் அப்னியா. மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 முறையோ அதற்கு மேலோ என்றால் நோய். 30ஐ எட்டினால் கடுமை.

புற்றுநோய்த் தொடர்பு வெறும் புரளியும் அல்ல. அப்னியாவில் நடப்பதுபோல் இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தால் எலிகளில் கட்டி வேகமாக வளர்கிறது. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் 1,522 பேரை 22 ஆண்டுகள் கவனித்து 2012இல் வெளியான ஆய்வில், கடும் அப்னியா உள்ளவர்களிடையே புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 5 மடங்கு. ஆனால் அந்த ஆய்வில் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தமே 50 பேர்தான். 2014இல் கனடாவில் 10,000க்கும் மேற்பட்டோரைப் பார்த்தபோது, வயது, உடற்பருமன், புகைத்தல் போன்றவற்றைக் கழித்தபின் பொதுவான தொடர்பு எதுவும் தெரியவில்லை. அப்னியாவுக்குச் சிகிச்சை செய்தால் புற்றுநோய் குறையும் என்றும் இதுவரை நிரூபணமாகவில்லை. கொட்டைப்பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பதிலோ சந்தேகமே இல்லை. புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். வாய் நிறைய வெற்றிலையோடு குறட்டைக்குப் பயப்படுவது வேடிக்கைதான்.

அப்னியாவைக் கண்டுபிடிக்க எங்கள் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சாட்சிக்குப் பஞ்சமில்லை. ஒரே காம்பராவில்தான் வீடே படுக்கிறது. குறட்டை சட்டென நிற்கிறதா, பிறகு திணறிக்கொண்டு மூச்சு வருகிறதா என்று யாராவது போனில் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுத்து வைத்தால், வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்தது. காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிவது, மாத்திரைக்கு அடங்காத பிரஷர், 40 சென்டிமீட்டரைத் தாண்டிய கழுத்து: இவற்றையும் சொல்ல வேண்டும். ஒல்லியானவருக்கும் வரும், பின்தள்ளிய தாடையோ வீங்கிய டொன்சிலோ போதும்.

விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியை வாங்கி இரவில் ஒருமுறை பார்ப்பதில் பயனில்லை. இரவு முழுவதும் பதிகிற கருவி வேண்டும். நுவரெலியாக் குளிரில் விரல் விறைத்திருந்தால் அளவு பொய்யாகக் குறையும், நகப்பூச்சு இருந்தாலும் பிழைக்கும். கையைக் கம்பளிக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள்.

தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டை அடைபடாமல் வைக்கும் சீபாப் மெஷின் கொடுக்கப்பட்டால் குறைந்தது இரவுக்கு 4 மணித்தியாலம் போட வேண்டும். பலர் முதல் வாரத்திலேயே கழற்றி வைத்துவிடுவார்கள். மாஸ்க் ஓரத்தில் காற்றுக் கசிந்து கண் எரிவதும், வாய் திறந்து தொண்டை வறள்வதுமே காரணம். மாஸ்க் அளவை மாற்றினாலோ, ஈரமூட்டும் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்றினாலோ பெரும்பாலும் சரியாகும். விறகடுப்புப் புகை படும் இடத்தில் வைத்தால் பில்டர் சீக்கிரம் கறுத்துவிடும். பழைய மெஷின்களில் கடல்மட்டத்திலிருந்து ஊர் இருக்கும் உயரத்துக்கேற்ற செட்டிங் உண்டு. கொழும்பில் சரிபார்த்துக் கொடுத்ததை இங்கே மறுபடி பார்க்க வேண்டும். படுக்கப் போகுமுன் சாராயமும், வைத்தியர் சொல்லாத தூக்க மாத்திரையும் கூடாது. இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும்.

முதலில் பரிசோதிக்க வேண்டியவர்கள் சாரதிகள். கினிகத்தேனை, றம்பொடை வளைவுகளில் ஸ்டியரிங்கில் கண்ணயரும் வேன்காரருக்கு, எப்போதோ வரக்கூடிய புற்றுநோயைவிட இன்று மாலை ஓட்டமே ஆபத்து. இதையும் அதே அளவு தலைப்பில் போடுவீர்களா?

மருத்துவ உத்தியோகத்தர்கள்,
நுவரெலியா மாவட்டம்.