அந்தப் பதினோரு மாதம்

கோயம்புத்தூர்
9.1.2026

அன்புள்ள அம்மிணிக்கு அப்பா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்குக் குளிரில் முழங்கால் வலி சற்றுக் கூடியிருக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு அடுப்படியில்தான் நிற்கிறாள், சொன்னால் கேட்பதில்லை. காப்புக் கட்டப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் முன்பெல்லாம் வேலியோரம் பறித்து வருவோம். இப்போது சந்தையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே.

நேற்று சின்னியம்பாளையம் போயிருந்தேன். மில் தொழிலாளர்கள் நான்கு பேரைக் கோவைச் சிறையில் தூக்கிலிட்டது 1946 ஜனவரி 8. எண்பது ஆண்டு நிறைந்துவிட்டது. அப்புச்சி இருந்தவரை ஒரு வருடமும் தவறியதில்லை. நீ ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது உன்னையும் கூட்டிப் போனாரே, அன்று வீட்டுக்கு வந்து நான்கு பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாய். இவள் வாத்தியாராக வருவாள் என்று அம்மத்தாவும், வக்கீலாக வருவாள் என்று அப்புச்சியும் சண்டை போட்டுக்கொண்டார்கள். நேற்று கூட்டத்தில் நான் வழக்கம் போலக் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

வேலையைப் பற்றிப் படிக்க ஒரு படிப்பா என்று 2017இல் உன் பெரியப்பா கேட்டபோது எனக்கே பதில் தெரியவில்லை. நீதான் எங்களை உட்காரவைத்துச் சொன்னாய். இங்கிலாந்தில் வேலைநிறுத்தங்கள் பெரிய பேச்சாக இருந்த காலத்தில், 1965இல் டோனவன் பிரபு தலைமையில் அரசு ஆணையம் அமைத்தது, அதில் உறுப்பினராக இருந்த ஹியூ கிளெக் பிறகு 1970இல் வார்விக் பல்கலைக்கழகத்தில் தொழில் உறவுகளுக்கென்றே தொடங்கிய ஆய்வுப் பிரிவை முதலில் நடத்தினார், எல்லாம் சொன்னாய். முதலாளி சொல்வதையும் சங்கம் சொல்வதையும் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு எந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்கிற படிப்பு என்றாய். அந்த வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. முப்பத்தோரு ஆண்டு மில்லில் இருந்தவன் நான், என் வேலையை இப்படி யாரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்லை.

உங்கள் மையத்தின் செய்திமடல் வந்தது. எதிர் வீட்டுப் பையன் அச்செடுத்துக் கொடுத்தான். பன்னிரண்டு பக்கம். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். டிசம்பர் 18 அன்று அங்கே இங்கிலாந்தில் புதிய தொழிலாளர் உரிமைச் சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல் கிடைத்திருக்கிறது என்றும், அநியாயமாக வேலையை விட்டு நீக்கினால் கேள்வி கேட்க இரண்டு ஆண்டு பணி வேண்டும் என்று இருந்தது இனி ஆறு மாதமாகக் குறையும் என்றும் எழுதியிருக்கிறார்கள். இங்கேயும் நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதில் குறித்த கால ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஓர் ஆண்டிலேயே பணிக்கொடை உண்டு என்பதைப் பெரியப்பா நல்ல செய்தி என்கிறார். அந்த ஒப்பந்தமே ஊரெங்கும் பரவிவிட்டால் பணிக்கொடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் கேட்டேன். உன்னிடம் கேட்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

முதியோர் பராமரிப்புப் பணியாளர்கள் பற்றிய உங்கள் ஆய்வுக்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு முதியவரைக் குளிப்பாட்டி உணவு கொடுத்துவிட்டு அடுத்தவர் வீட்டுக்கு மழையில் நடந்து போகிறாளே, அந்த நடைக்குச் சம்பளம் கிடையாது என்று கோட்டயத்துப் பெண் ஒருத்தி உன்னிடம் அழுததைச் சொன்னாயல்லவா, அதைப் பற்றித்தான் முதல் பத்தி. விசா அந்த முதலாளி கையில் இருப்பதால் வாய் திறக்க முடியவில்லை என்பதும் இருக்கிறது. படிக்கும்போது உன் குரலே கேட்டது.

கடைசிப் பக்கத்தில் மையத்தில் பணிபுரிவோர் பட்டியல் எப்போதும் போல இருக்கிறது. இந்த முறை அச்சில் ஏதோ விடுபட்டிருக்கும். அடுத்த இதழில் சரிசெய்துவிடுவார்கள்.

எதிர் வீட்டுப் பையன் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். அங்கே வேலை நின்றுபோனால் அரசு விசாவைச் சுருக்கி அறுபது நாள்தான் கொடுக்கும், அதற்குள் வேறு வேலை பார்க்க வேண்டும் என்று. அவனுடைய நண்பன் ஒருவனுக்கு அப்படி ஆயிற்றாம். எனக்கு அதில் ஒன்றும் இல்லை, தெரிந்து வைத்துக்கொள்வோம் என்று கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் மாதப் பணமும் வழக்கம் போல 3ஆம் தேதியே வந்துவிட்டது. ஜனவரிக்கும் வந்துவிட்டது. எதற்கு அனுப்புகிறாய் அம்மிணி? எனக்கு ஓய்வூதியம் கொஞ்சம் வருகிறது, அம்மாவுக்கும் எனக்கும் என்ன செலவு? இரண்டையும் எடுக்காமல் அப்படியே வங்கியில் வைத்திருக்கிறேன். தேவை என்றால் ஒரு வார்த்தை சொல். போன மாதம் முழுவதும் நீ முகம் காட்டிப் பேசவில்லை. குரல் மட்டும்தான். அன்று உனக்குப் பின்னால் தட்டு அடுக்குகிற சத்தமும் ஒருவர் எண் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. நூலகத்தில் இருக்கிறேன் என்றாய். சரி என்று வைத்துவிட்டேன். பெரியப்பா மகள் கல்யாணத்துக்கும் வேலை அதிகம் என்று வரவில்லை. கூடப் பிறக்காத குறையாக வளர்ந்தவள், மணவறையில் உட்கார்ந்துகொண்டு உன்னைத்தான் கேட்டாள். ஒரே பெண், எதையும் வீட்டில் சொல்லாமல் தாங்கிக்கொள்ள யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கோபம் கோபமாக வந்தது. பிறகு யோசித்தால், சொல்லிக் கொடுத்தவன் யார் என்று தெரியாமலா இருக்கிறது.

உன் பணி நியமனக் கடிதங்களை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறாயா? முதல் கடிதம், நீட்டிப்புக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள், எல்லாவற்றையும் பிரதி எடுத்து வை. நீ அனுப்பியவற்றை அச்செடுத்து அலமாரியில் உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குக் கீழே வைத்திருக்கிறேன். நேற்று இரவு அம்மா தூங்கிய பிறகு அவற்றை எடுத்துப் பார்த்தேன்.

2022 ஜனவரி 10 அன்று சேர்ந்தாய். முதலில் இரண்டு ஆண்டு. பிறகு ஓர் ஆண்டு. பிறகு பதினோரு மாதம்.

அம்மிணி, அந்தப் பதினோரு மாதத்தைப் போன ஜனவரியிலேயே பார்த்தேன். வாழ்த்துகள் என்று செய்தி அனுப்பினேன். பன்னிரண்டாக இல்லாமல் ஏன் பதினொன்று என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. நான்கு ஆண்டு தொடர்ந்து குறித்த கால ஒப்பந்தத்தில் இருந்தவரை, தகுந்த காரணம் காட்டாவிட்டால் நிரந்தரப் பணியாளராகவே கொள்ள வேண்டும் என்று அங்கே 2002இல் வந்த விதியை எனக்குச் சொன்னதே நீதான். இன்றோடு நான்கு ஆண்டு நிறைந்திருக்கும். டிசம்பர் 9உடன் முடித்துவிட்டார்கள். பட்டியலில் உன் பெயர் விடுபடவில்லை. எடுத்துவிட்டார்கள். உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் நாட்காட்டியை வைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறார். எனக்கு அது தெரியும், ஏனென்றால் அதுதான் நான் முப்பத்தோரு ஆண்டு செய்த வேலை.

டைம் ஆபீஸில் இருந்தேன் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். வந்தவர், வராதவரைக் குறிப்பது என்று நினைத்திருப்பாய். 1981இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். நிரந்தர ஆள் வராத நாளில் அவருக்குப் பதிலாக நிற்கிற பதிலித் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் அந்த 480 தான் சாமி. எனக்கு அது, யாரும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய எண். மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் சிறியதாகக் கூட்டல் போட்டுக்கொண்டே வருவேன். நானூற்று ஐம்பதைத் தாண்டினால் மேலே சொல்ல வேண்டும்.

கண்ணம்பாளையத்து மாமாவின் டோக்கன் எண் 318. நூல் நூற்கிற ரிங் பிரேம் எந்திரத்தில் அவரைப் போல நூல் ஒட்டுகிறவர் அந்த ஷிப்டில் யாரும் கிடையாது. அறுந்த நூலை அவர் எடுப்பதும் ஒட்டுவதும் கண்ணுக்கே தெரியாது, கை அந்த இடத்தைக் கடந்து போயிருக்கும். 1994 ஆவணியில் அவருடைய கணக்கு 471. ஒன்பது நாள்தான். தினமும் கேட்டில், ‘இன்னும் எத்தனை நாள் மாப்பிள்ளை?’ என்று கேட்பார். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். அன்று மேலதிகாரி அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, இந்த எண்ணுக்கு இனி ஷிப்டு வேண்டாம் என்றார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது, உன் அம்மா உன்னைச் சுமந்துகொண்டிருந்தாள். இது காரணம் இல்லை, அப்படித்தான் இருந்தது என்று சொல்கிறேன்.

காலைச் சங்கு ஊதும் முன்பு பதிலிகள் கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நிற்பார்கள். நான் போய் எண்களைப் படிப்பேன். 317 படிப்பேன், 319 படிப்பேன். மாமா தூக்குப்போசியோடு நின்றுகொண்டு என் வாயையே பார்ப்பார். இன்று ஆள் போதும் மச்சான் என்பேன். உள்ளே அவருடைய எந்திரம் ஆளில்லாமல் நின்றுகொண்டிருக்கும். ஏழு வாரம் வந்தார். 24 மாதக் கணக்கு அல்லவா, பழைய நாட்கள் பின்னால் உதிர்ந்துகொண்டே வரும். 471 என்பது 450 ஆயிற்று, 440 ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். இரவெல்லாம் மூட்டை தூக்கிவிட்டுக் காலையில் உன்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.

நீ ஆய்வேடு எழுதும்போது, மாமா ஏன் மில்லில் நிலைக்கவில்லை என்று கேட்டாய். பஞ்சுத் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். நீ அதை நம்பி, தூசியால் வேலையை இழந்த மாமாவுக்கு என்று முதல் பக்கத்தில் அச்சிட்டாய். அந்தப் பக்கத்தை அவரிடம் நான்தான் படித்துக் காட்டினேன். மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, ‘பிள்ளை பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாளே’ என்று பக்கத்தைத் தடவிக் கொடுத்தார். அவருக்குத் தெரியும் அம்மிணி. தெரிந்துகொண்டேதான் உன்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். புரட்டாசியில் அவர் போனபோது நெய்ப்பந்தம் பிடிக்கிற பிள்ளைகளுக்குப் பின்னால் நான் நின்றேன், அங்கேயும் கடைசி வரிசையில்.

சொல்ல வந்தது வேறு, எங்கேயோ போய்விட்டேன். நீ எழுதியதைத்தான் உனக்கே சொல்கிறேன், அப்பனுக்கு அதிகப் பிரசங்கம் என்று நினைக்காதே. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவதும் வேலைநீக்கம்தான். இரண்டு ஆண்டு கடந்தவர் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், பதினான்கு நாளில் பதில் தர வேண்டும். தீர்ப்பாயத்துக்கு மூன்று மாதம், அதாவது மார்ச் 8 தாண்டக் கூடாது, அதற்கு முன் ஏகாஸ் என்கிற அங்குள்ள தொழில் தகராறு அமைப்பிடம் சமரசத்துக்குப் போக வேண்டும். சங்கத்தில் உறுப்பினராகத்தானே இருக்கிறாய், அவர்களிடம் போ. தனியாகப் போகாதே. கடிதங்களைப் பத்திரமாக வை. ஒருவேளை இதெல்லாம் வேண்டாம், திரும்பி வருகிறேன் என்றால் டிக்கெட்டுக்கு நீ அனுப்பிய பணமே இருக்கிறது. உன் அறை அப்படியே இருக்கிறது. அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை, ஆனால் இரண்டு வாரமாகச் சந்தகை செய்ய மாட்டேன் என்கிறாள்.

மில்லை மூடி எல்லாவற்றையும் எடைக்குப் போட்டபோது டோக்கன் பலகையிலிருந்து 318ஐ மட்டும் எடுத்து வந்தேன். பித்தளை, ஓட்டை போட்ட இடம் தேய்ந்திருக்கும். மேசை இழுப்பறையில் இத்தனை வருடமாக இருக்கிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் கண்ணம்பாளையம் போகிறேன். அத்தையிடம் அதைக் கொடுத்துவிட்டு, ஒன்பது நாள் கணக்கைச் சொல்லப் போகிறேன். அவர் என்னைத் திண்ணையில் உட்காரச் சொல்வாரோ மாட்டாரோ.

இந்தக் கடிதத்தை நானே படம் எடுத்து அனுப்புகிறேன், யார் கையிலும் கொடுக்க மாட்டேன். அத்தை வீட்டிலிருந்து திரும்பியதும் உனக்குப் போன் செய்வேன். அங்கே விடிந்திருக்காது. பரவாயில்லை, எடு.

அன்புடன்
அப்பா