டூப்ளிகேட் அரண்மனைகள்

அன்புள்ள கயலுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. அதைச் சாக்காக வைத்து இரண்டு நாளாக என்னைத்தான் சமைக்க விடுகிறாள், அதனால் நீ கவலைப்பட வேண்டாம். போனில் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது என்று உனக்குத் தெரியும். ஆகவே கடிதம்.

கிளம்பும்போது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சுற்றி இருக்கிற அரண்மனை எல்லாம் இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் திரும்பக் கட்டினது. டூப்ளிகேட்டுப்பா. ஹெர்மிடாஜ் மியூசியத்தை மட்டும் நிதானமாகப் பாருங்க." நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் நடந்தது வேறு.

ஹெர்மிடாஜுக்கு எங்களை அழைத்துப் போனவர்கள் கொடுத்தது இரண்டரை மணி நேரம். முப்பது லட்சம் பொருட்கள் இருக்கிற இடத்தில்! கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஓட, பின்னால் நாங்கள் ஓடினோம். அம்மா தங்க மயில் கடிகாரத்தின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. லண்டனில் செய்த மயில் அது, ரஷ்யப் பேரரசி பெரிய கேதரினுக்காக வாங்கியது. ரஷ்யாவுக்கு வந்தபோது பாகம் பாகமாகத்தான் வந்ததாம், சிலது உடைந்தும் இருந்ததாம். குலிபின் என்கிற கைவினைஞர்தான் அதைக் கோர்த்து ஓட வைத்தார். அந்த மாளிகையும் நீ நினைக்கிற அளவுக்கு ஒரிஜினல் இல்லை, தெரியுமா? 1837 டிசம்பரில், ஹெர்மிடாஜின் முக்கியக் கட்டடமான குளிர்கால அரண்மனையின் உள்பக்கம் மூன்று நாள் எரிந்தது. ஏறக்குறைய ஒன்றேகால் ஆண்டில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நீ படத்தில் காட்டிய அந்த வெள்ளையும் தங்கமுமான படிக்கட்டும் எரிந்து மீண்டதுதான்.

1941இல் ஜெர்மானியர் நெருங்கியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களை இரண்டு ரயில்களில் யூரல் மலைப் பக்கம் அனுப்பினார்கள். படங்களைக் கழற்றியவர்கள் சட்டங்களைச் சுவரிலேயே விட்டுவிட்டார்கள், திரும்ப மாட்ட வசதியாக. ஜெர்மானியர் அந்த நகரத்தை முற்றுகையிட்டது 872 நாள். சுத்தம் செய்ய உதவிய படைவீரர்களுக்கு நன்றியாக, அங்கே வேலை பார்த்த ஒருவர் வெற்றுச் சட்டங்களின் முன் நின்று, எந்தப் படம் எங்கே இருந்தது, அதில் யார் எப்படி நிற்கிறார்கள் என்று ஞாபகத்திலிருந்தே விளக்கிச் சொன்னாராம். கேட்டதும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. (வந்தாலும் நாலு வார்த்தைதானே என்று அம்மா சொன்னாள்.)

அடுத்த நாள் நேவா நதியிலிருந்து விரைவுப் படகில் பீட்டர்ஹோஃப் என்கிற கடலோர அரண்மனைக்கு. இங்கேதான் உன்னோடு எனக்குச் சண்டை. முப்பத்தோரு வருஷம் பொதுப்பணித் துறையில் கால்வாய்க்கு லெவல் பார்த்தவனுக்கு அந்த ஊர் கோயில் மாதிரி. நூற்றைம்பது நீரூற்று இருக்கும், ஒரு பம்ப் கிடையாது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி ரோப்ஷா என்று ஒரு மேட்டுப் பகுதி, அங்கே நிறைய ஊற்றுகள். ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் நேரில் போய்ப் பார்த்து வந்து, 1721இல் துவோல்கோவ் என்ற பொறியாளரைக் கொண்டு கால்வாய் வெட்டினார். தண்ணீர் தானாக இறங்கிவந்து குளங்களில் தேங்கி, அங்கிருந்து குழாய் வழியே கடலோரத் தோட்டத்துக்குப் பாய்கிறது. நடுவில் நிற்கும் சாம்சன் சிலை, சிங்கத்தின் வாயைப் பிளக்க, அதிலிருந்து 20 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சுகிறது. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் இதே வேலைக்கு சேன் நதியிலிருந்து தண்ணீரை ஏற்ற 14 ராட்சதச் சக்கரங்கள் வைத்திருந்தார்கள், சத்தமும் செலவும் தாங்கவில்லை. பீட்டர் நிலத்தின் வாட்டம், அதாவது சரிவு, பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

அந்தச் சாம்சனை ஜெர்மானியர் எடுத்துப் போய்விட்டார்கள். அரண்மனை எரிந்து கூடாகிவிட்டது. இப்போது நிற்பது 1947இல் வார்த்த சிலை. சரி, டூப்ளிகேட்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் வாயில் வருகிற தண்ணீர் அதே மேட்டிலிருந்து வருகிறது. வாட்டத்தை எவனும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போக முடியாது, கயல். அங்கே நின்று நான் கண் கலங்கியதாக அம்மா சொல்வாள். சாரல் அடித்தது.

அப்புறம் ஜார்ஸ்கோயே செலோ என்கிற இடத்து அரண்மனையில் ஆம்பர் அறை, சுவரெல்லாம் ஆம்பர், அதாவது கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின். செருப்புக்கு மேல் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு சறுக்கிச் சறுக்கி நடந்தோம். உள்ளதைச் சொன்னால் அறை எனக்குப் பிடிக்கவில்லை, தேன் பாட்டிலுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. கதை பிடித்தது. 1716இல் பிரஷ்ய அரசர் கொடுத்த பரிசு. பதிலுக்கு பீட்டர் அனுப்பியது நெட்டை நெட்டையான சிப்பாய்களை! 1941இல் ஜெர்மானியர் வருவதற்கு முன் கழற்றப் பார்த்தால் ஆம்பர் உதிர்ந்தது, அதனால் மேலே காகிதம் ஒட்டி மறைத்திருக்கிறார்கள். பலிக்கவில்லை. ஜெர்மானியர் பலகை பலகையாகக் கழற்றி, அப்போது அவர்கள் ஊரான கோனிக்ஸ்பெர்குக்குக் கொண்டு போனார்கள், அப்புறம் காணோம். 1979இல் திரும்பச் செய்ய ஆரம்பித்து 2003இல் முடித்தார்கள், பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு. இருபத்து நாலு வருஷம். ஆம்பரை அந்த அளவுக்குச் செதுக்கவும் நிறம் ஏற்றவும் தெரிந்தவர்கள் மிச்சமில்லாததால் தொழிலையே முதலிலிருந்து கற்றிருக்கிறார்கள். இதற்கு டூப்ளிகேட் என்ற சொல் போதுமா என்று நீயே சொல்.

பட்டியலில் இல்லாத ஒன்று. ஐசக் தேவாலயத்துக்கு எதிரே வவீலோவ் பெயரில் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெளியிலிருந்துதான் பார்த்தோம். முற்றுகைக் காலத்தில் அங்கே உலகம் முழுக்கச் சேகரித்த விதைகளைக் காத்தவர்கள் பசியில் செத்தார்கள். நெல் விதைகளைக் கவனித்தவர், சுற்றிலும் நெல் பொட்டலங்கள் இருக்க, ஒரு பிடியைத் தொடாமல் போய்ச் சேர்ந்தார். விதை நெல்லில் கை வைத்தால் உன் பாட்டி எப்படிக் கத்துவாள் என்று நினைத்துக்கொண்டேன். விதை நெல்லுக்கு டூப்ளிகேட் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் நீ சொல்வது சரி.

சாப்பாடு மோசமில்லை. எதை வாங்கினாலும் மேலே சதகுப்பைக் கீரையைத் தூவிவிடுகிறார்கள். "பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிறதை எனக்கு ஏன் கொடுக்கிறான்" என்று அம்மாவுக்குத் தாங்கவில்லை. நம் கார்டு எதுவும் அங்கே செல்லாது, ரொக்கம்தான். நீங்கள் போகிறதானால் முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அம்மா உனக்கு ஒரு ஆம்பர் மாலை வாங்கியிருக்கிறாள். தெருக் கடையில், அரைமணி நேரம் பேரம் பேசி, சைகையிலேயே. நிஜ ஆம்பர் நல்ல உப்புத் தண்ணீரில் மிதக்கும் என்று படித்திருந்தேன். மாலையிலிருந்து கழன்ற ஒரு மணியை நேற்று ராத்திரி அவள் தூங்கின பிறகு டம்ளர் உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். நேராக அடியில் போய் உட்கார்ந்தது. மணியைத் துடைத்துத் திரும்பக் கோத்துவிட்டேன். பார்சல் வந்ததும் போட்டுக்கொண்டு அம்மாவுக்கு ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா