போகிறவர்கள் விட்டுச் செல்லும் படை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கட்டுரை வரைவை முழுவதும் வாசித்தேன். அந்நிய மண்ணில் போரிடும் படை எப்போது திரும்பி வர வேண்டும் என்ற கேள்விக்கு, கனடாவின் ஆப்கானிஸ்தான் அனுபவத்தை வைத்து நீ விடை தேடியிருக்கிறாய். 2006 மே மாதத்தில் 149க்கு 145 என்ற வாக்குகளால் ஒட்டாவா நாடாளுமன்றம் படையின் தங்கலை நீடித்ததையும், 2008 மார்ச்சில் மீண்டும் விவாதித்து 2011 என்று முடிவாண்டு குறித்ததையும் விரிவாக எழுதியிருக்கிறாய். அது நல்ல முன்மாதிரிதான். எங்கள் மண்ணுக்கு வந்த படைக்கு அப்படியொரு விவாதம் நடக்கவில்லை. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்கு அருகே பலாலியில் வந்து இறங்கிவிட்டது. அது எப்போது திரும்பிப் போகும் என்பதற்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு தேதியும் இல்லை.

உன் வரைவு இரண்டு நிலைப்பாடுகளை எதிரெதிரே நிறுத்துகிறது. தேதியை முன்கூட்டியே அறிவித்து அதன்படி வெளியேற வேண்டும் என்பது ஒன்று. களத்தில் நிலைமை சீரான பிறகே வெளியேற வேண்டும் என்பது மற்றது. 1989இல் டில்லியும் கொழும்பும் மோதிக்கொண்டதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான். இந்தியப் படையைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று வாக்குக் கேட்டு வென்று ஜெயவர்த்தனாவுக்குப் பின் ஜனாதிபதியான பிரேமதாசா, ஜூன் முதலாம் திகதி, ஜூலை முடிவுக்குள் அது வெளியேற வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். ராஜீவ் காந்தியோ, படை திரும்பும் கால அட்டவணையும் தமிழ் மாகாணத்துக்கு அதிகாரம் பகிரும் கால அட்டவணையும் இணைந்தே போக வேண்டும் என்று கடிதம் எழுதினார். ஒருவர் இறைமை என்றார், மற்றவர் கடப்பாடு என்றார். செப்டெம்பர் 18 அன்று உடன்பாடு வந்தது. டிசம்பர் 31 இலக்கு என்றார்கள். கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டபோது 1990 மார்ச் 24 ஆகிவிட்டது.

அந்தக் கடிதங்களில் சொல்லப்பட்ட நியாயங்களில் எதையும் நான் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் தமிழர்களின் பாதுகாப்புக்காகவே படை இருக்க வேண்டும் என்ற வாதம் எனக்கு அன்றும் ஏற்கக் கூடியதாக இல்லை. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள்ளும், 1989 ஓகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் அந்தப் படையின் கையால் இறந்தவர்களும் தமிழர்களே. அதே நேரம், அவர்கள் போனால் அடுத்த நாள் காலையில் எங்கள் தெருவில் யார் துப்பாக்கியோடு நிற்பார்கள் என்ற பயமும் எங்களுக்கு இருந்தது. போக வேண்டும் என்று விரும்பினோம். போவதை நினைத்து அஞ்சினோம். இரண்டும் ஒரே மனத்தில் இருந்தன. எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதால், இரண்டையும் சொல்ல இடமும் இருக்கவில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது வேறு. தேதியா, நிலைமையா என்ற வாதத்துக்கு நடுவில் ஒரு காரியம் சத்தமில்லாமல் நடக்கும்: போகிற படை, தான் போவதற்கு வசதியாக, உள்ளூரில் ஒரு படையை அவசர அவசரமாக உருவாக்கும். உன் வரைவில் இது "உள்ளூர்ப் பாதுகாப்புப் படைகளின் திறன் மேம்பாடு" என்று ஒரே வரியில் வருகிறது. அந்த ஒரு வரிக்குள் இருந்தது என்ன என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

1988 நவம்பரில் வடக்குக் கிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்து, வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். அந்த ஆட்சியைக் காப்பதற்கென்று, 1989இல் இந்தியப் படையின் ஆதரவோடு தமிழ்த் தேசிய இராணுவம் என்ற ஒன்று கட்டப்பட்டது. விரும்பிச் சேர்ந்தவர்கள் குறைவு. ஆகவே தெருவில், பேருந்துத் தரிப்பிடத்தில், டியூஷன் வாசலில் என்று கண்ட இடத்தில் இளைஞர்களைப் பிடித்து வாகனத்தில் ஏற்றினார்கள். ஊரில் அதற்குப் "பிள்ளை பிடி" என்றே பெயர். அப்போது நான் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். பெண் பிள்ளைகளின் வரிசைகள் நிறைந்திருக்க, ஆண் பிள்ளைகளின் வாங்குகள் ஒவ்வொரு வாரமும் வெறுமையாகிக்கொண்டு வந்தன. சிலரைப் பெற்றோர் கொழும்புக்கு அனுப்பினார்கள். சிலரை வீட்டுப் பரணில் ஒளித்து வைத்தார்கள். காசு இல்லாதவர்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

ஒரு நாள் பழைய கல்லடிப் பாலத்தைக் கடந்து போகையில், சென்றியில், அதாவது காவல் நிலையில், நின்ற ஒருவன் "ரீச்சர்" என்று கூப்பிட்டான். என் வகுப்பில் இரண்டாம் வரிசையில் இருந்தவன். சேர்ட்டின் கையை முழங்கை வரை மடித்திருந்தும் அது தொங்கியது. இடுப்பில் பெல்ட்டின் கடைசித் துளைக்கும் அப்பால் ஆணியால் புதிதாக ஒரு துளை போட்டிருந்தான். சப்பாத்து இல்லை, ரப்பர் செருப்பு. துப்பாக்கியைப் புத்தகக் கட்டை அணைப்பதுபோல் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஓகஸ்ட் பரீட்சைக்கு விண்ணப்பப் படிவம் போய்விட்டதா என்று என்னிடம் கேட்டான். போய்விட்டது என்றேன். அது உண்மை, அவனுடைய படிவத்தை நானே கையொப்பத்துக்குக் கொடுத்திருந்தேன். எத்தனை நாள் பயிற்சி கொடுத்தார்கள் என்று கேட்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் அவனை அதட்டியது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் இந்தியப் படை அம்பாறையில் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாக முகாம்களை விட்டு நகர்ந்தது. அது ஒரு முகாமைக் காலி செய்ததும் விடுதலைப் புலிகள் அங்கே வந்தார்கள். அவர்களுக்குக் கொழும்பு அரசிடமிருந்தே ஆயுதம் போயிருந்தது. இந்தியப் படையை வெளியேற்ற வேண்டும் என்பதில் அன்று அவ்விருவருக்கும் ஒரே நோக்கம் இருந்தது. தமிழ்த் தேசிய இராணுவம் நாட்கணக்கில் குலைந்தது. சண்டையில் இறந்தவர்கள் பலர். சரணடைந்த பின் கொல்லப்பட்டவர்களும் உண்டு. மாகாண ஆட்சியோடு நின்றவர்களில் ஒரு பகுதியினரும் குடும்பங்களும் கப்பலேறி இந்தியா போய், ஒரிசாவில் தங்க வைக்கப்பட்டார்கள். தெருவில் பிடிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எந்தக் கப்பலும் வரவில்லை. பாலத்தில் நின்றவனின் தாயார் ஜனவரியில் பாடசாலைக்கு வந்து, இடாப்பில் அவன் பெயரை வெட்டிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நான் அந்த வருடம் முழுவதும் வெட்டவில்லை.

இந்தியா தன் தரப்பில் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்களை இழந்தது. திரும்பிப் போனவர்களைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்ற அவருடைய நிலைப்பாட்டில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் அந்தச் சிப்பாய்களும் யாரோ போட்ட கையெழுத்துக்காக வந்தவர்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. மூன்று மாதம் கூட முழுதாகப் போகவில்லை, 1990 ஜூனில் கிழக்கில் புலிகளுக்கும் கொழும்பு அரசுக்கும் இடையில் மறுபடியும் போர் மூண்டது. செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரை இலங்கை இராணுவம் ஏற்றிக்கொண்டு போனதும், அவர்கள் திரும்பாததும் உனக்குத் தெரியும். அந்தக் கதைகளோடுதான் நீ வளர்ந்தாய்.

நீ எடுத்துக்கொண்ட ஆப்கானிஸ்தானிலும் இதையே காண்கிறேன். சோவியத் படை 1989 பெப்ரவரி 15 அன்று அறிவித்த தேதியிலேயே வெளியேறியது. அது காபூலில் ஆதரித்துவந்த நஜிபுல்லாவின் அரசு உடனே விழுந்துவிடும் என்றார்கள். அது 1992 ஏப்ரல் வரை நின்றது. மொஸ்கோவிலிருந்து பணமும் எரிபொருளும் ஆயுதமும் வந்துகொண்டிருந்த வரையில் நின்றது. சோவியத் ஒன்றியமே இல்லாமற்போய் அவை நின்றபோது விழுந்தது. அமெரிக்கா 2020 பெப்ரவரியில் தோஹாவில் தலிபானோடு கையெழுத்திட்டபோது காபூல் அரசு அந்த மேசையில் இல்லை. இருபது ஆண்டுகள் பயிற்றுவித்த படை, 2021 ஓகஸ்டில் கடைசி அமெரிக்க விமானம் புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே கலைந்துவிட்டது. அந்தப் படைவீரர்களைக் கோழைகள் என்று தொலைக்காட்சியில் பலர் பேசியபோது எனக்குக் கோபம் வந்தது. அவர்களில் பல்லாயிரம் பேர் அதற்கு முன்பே சண்டையில் இறந்திருந்தார்கள். விமானப் பராமரிப்பு, எரிபொருள், சம்பளம் எல்லாம் வெளியாரின் கையில் இருக்கும்படி ஒரு படையைக் கட்டிவிட்டு, அந்தக் கையை எடுத்துக்கொண்டால் அது வேறென்ன செய்யும்?

ஆகவே, தேதி குறிப்பதே சரி என்ற உன் முடிவோடு நான் உடன்படுகிறேன். நிலைமை சீராகும்வரை என்பதற்கு எல்லை கிடையாது. நிலைமை சீராகவில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்ல முடியும், அதைச் சொல்கிறவர் அதற்கு விலை கொடுப்பதில்லை. வீட்டுக்காரர் வெளியேறச் சொன்ன பிறகு அந்நியப் படை ஒரு நாள் கூடுதலாக இருப்பதற்கும் நியாயம் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் தேதி குறித்த நாளிலிருந்து, போகிற படை உள்ளூரில் புதிதாக ஒருவனுக்கும் துப்பாக்கி கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே கொடுத்தவர்களை என்ன செய்யப் போகிறது என்று, படை அனுப்பிய நாட்டின் நாடாளுமன்றத்தில் பெயர்ப் பட்டியலோடு சொல்ல வேண்டும். ஆயுதத்தைத் திருப்பி வாங்குமா, அவர்களுக்கு விசா கொடுக்குமா, பின்னரும் சம்பளம் அனுப்புமா? கனடா 40,000 ஆப்கானியரை ஏற்பதாக அறிவித்தது 2021இல், காபூல் விழுகிற தறுவாயிலும் அதன் பின்னருமாக. காந்தஹாரை விட்டுக் கனடியச் சண்டைப் படை திரும்பியது 2011இல். இடையில் இருந்த பத்தாண்டில், அந்தப் படைக்கு மொழிபெயர்த்தவர்களும் வழிகாட்டியவர்களும் எங்கே இருந்தார்கள் என்பதை உன் கட்டுரை கேட்கவில்லை. 2008 மார்ச் விவாதத்தின் நாடாளுமன்றப் பதிவேடு அங்கே உனக்குக் கிடைக்கும். அன்று அவையில் எழுந்து பேசியவர்களில் எத்தனை பேர் அவர்களைப் பற்றிப் பேசினார்கள் என்று தேடிப் பார்த்து, கிடைப்பதைத் "திறன் மேம்பாடு" என்ற அந்த வரி இருக்கும் இடத்தில் எழுது. எழுதியதும் எனக்கு அனுப்பு. அப்பாவும் வாசிக்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா
மட்டக்களப்பு