கண்டதும் கருதியதும்: வாசிப்பறைக்குத் துணை நின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். வியாசர்பாடியில் ஒரு வீட்டின் மாடியில் நாங்கள் நடத்திவரும் மாலை வாசிப்பறைக்கு இந்த மாதத்தோடு நான்கு ஆண்டுகள் நிறைகின்றன. பள்ளியிலிருந்து நின்றவர்கள், நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், காவல் நிலையம் வரை ஒருமுறையேனும் போய்வந்தவர்கள் என 14 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகள் வந்து அமரும் இடம் அது. உதவியவர்களுக்கு அவ்வப்போது நேரில் நன்றி சொல்லியிருக்கிறேன் என்றாலும், எதற்காக என்பதை ஒருநாளும் விளக்கமாகச் சொன்னதில்லை.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற மனநல ஆலோசகரான அந்த அம்மையாருக்கு. பிள்ளைகளுக்கு அறிவுரை கூற வேண்டுமென்றுதான் அவரை அழைத்தோம் (அறிவுரைக்கு எங்கள் பகுதியில் ஒருபோதும் பஞ்சமிருந்ததில்லை). வந்தவரோ பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு, பொறுப்பாளர்களாகிய எங்கள் ஆறு பேரையும் உட்காரவைத்து, ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ‘கண்டது’ என்றும் வலப்பக்கம் ‘கருதியது’ என்றும் எழுதச் சொன்னார். மாலையில் நடந்தவற்றை அவ்வாறு பிரித்து எழுத வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி.

எளிதாகத் தோன்றிய அந்த வேலையில் முதல் வாரமே நான் தடுமாறினேன். ‘திமிராக நின்றான்’ என்று இடப்பக்கத்தில் எழுதியிருந்ததை அவர் அடித்துவிட்டு, திமிர் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டார். உண்மையில் நான் கண்டது, 6.40க்கு வந்த பையன் ஒருவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றதை மட்டுமே. அறைக்குள் இருந்த இன்னொருவனுக்கும் அவனுக்கும் பழைய சண்டை இருந்ததும், ஓட வேண்டி வந்தால் செருப்பு காலில் இருக்க வேண்டுமென அவன் எண்ணியதும் பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தன.

அதைவிட என்னை உறுத்துவது மற்றொரு மாணவனின் சிரிப்பு. கண்டிக்கும்போதெல்லாம் அவன் சிரிப்பான். ‘பல்லைக் காட்டாதே’ என்று எத்தனை முறை அதட்டியிருப்பேனோ தெரியாது. அச்சம் மிகும்போது சிலருக்கு முகம் அப்படித்தான் இழுத்துக்கொள்ளும் என்று அம்மையார் விளக்கியபோது, என் நோட்டில் அவனைப் பற்றி எழுதிய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். நான் குரலை உயர்த்திய நாட்களில் மட்டுமே அந்தச் சிரிப்பு பதிவாகியிருந்தது.

பிறர் தவறினால் அவர்களுடைய குணத்தைக் காரணமாகக் காட்டுவதும், சூழ்நிலையின் பங்கைக் குறைத்து மதிப்பதும் மனித மனத்தின் பொதுவான சாய்வு. உளவியலாளர் லீ ராஸ் 1977இல் அதற்கு ஒரு பெயரே சூட்டினார் என்று அம்மையார் எங்களுக்குச் சொன்னார். ஆனால், பார்வைப் பிழை எங்களுடையது மட்டுமன்று. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சேத் போலாக் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் உணர்ச்சியிலிருந்து மற்றோர் உணர்ச்சிக்குப் படிப்படியாக மாறும் முகப் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். உடல்ரீதியான வன்முறைக்கு ஆளான குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிட அதிகமான படங்களில் சினத்தையே கண்டார்கள். அடி விழும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு, முகம் முழுதாகச் சிவக்கும் முன்பே அதைப் படித்துவிடுவது தற்காப்பு அல்லவா?

இதை எனக்கு உறுதிப்படுத்தியவன் அதே சிரிப்புக்காரன். ‘சார், நீங்க உள்ள வரும்போதே கோவமாத்தான் வர்றீங்க’ என்றான் ஒருநாள். நான் மறுத்தேன். கூட இருந்த மூவரும் அவன் சொன்னதே சரி என்றார்கள். வரிசையாக நாற்காலிகளில் இருப்பவர்கள் யார் யாரென்று தெரியாமல் நான் கண்ணை இடுக்கி, புருவத்தை நெரித்துப் பார்க்கிறேன் என்பதை என் மனைவியும் அன்றிரவு ஒப்புக்கொண்டார். மறுவாரம் கண் பரிசோதனைக்குப் போனால், இரண்டு கண்களிலும் பவர் கூடியிருந்தது. என் கோபத்தில் எத்தனை பங்கு கண்ணாடிக் கடையில் தீரக்கூடியதாக இருந்தது என்பதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

அடுத்து, நன்னடத்தை அலுவலருக்கு என் நன்றி. 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையிலுள்ள 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சிறார் தொடர்பான நடவடிக்கைகளில் குற்றஞ்சாட்டும் சொற்களையே தவிர்க்கச் சொல்கிறது என்பதையும், அச்சட்டத்தில் சிறார் ‘குற்றவாளி’ அல்லர், ‘சட்டத்துடன் முரண்பட்ட சிறார்’ மட்டுமே என்பதையும் அவர் பெற்றோருக்குப் பொறுமையாக எடுத்துரைத்தார். கூர்நோக்கு இல்லத்திலிருந்து திரும்பிய மகனைப் பற்றிப் பேசும்போது ‘கேசுல மாட்டினவன்’ என்றே சொல்லிவந்த ஒரு தாய், அதன்பின் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததை நாங்கள் எல்லோரும் கவனித்தோம். சட்டத்தின் வாசகம் ஒரு வீட்டின் சமையலறை வரை போய்ச் சேர்ந்தது அவருடைய முயற்சியால்தான்.

வாடகையைக் கூட்டாத வீட்டுக்காரருக்கும், தேநீர்க் கணக்கை மாதக் கடைசியில் கேட்கும் கடைக்காரருக்கும், ஞாயிறுதோறும் எங்கள் பிள்ளைகளையும் மைதானத்தில் சேர்த்துக்கொண்ட கால்பந்துப் பயிற்சியாளருக்கும் என்றும் கடன்பட்டிருக்கிறோம்.

கடைசியாக, வாசிப்பறையின் பிள்ளைகளே, உங்களுக்கு. கடந்த ஆனி மாதம் நீங்களும் ஒரு நோட்டு வேண்டுமென்று கேட்டு, எங்கள் ஆறு பேரைப் பற்றியும் எழுதத் தொடங்கினீர்கள். அதில் என் பக்கத்தைப் படிக்க அனுமதித்ததற்கு நன்றி. ‘கண்டது: சார் புதுக் கண்ணாடி போட்டிருக்கார். கருதியது: இன்னும் கொஞ்சம் கோவமாத்தான் இருக்கார்’ என்று எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியும். அன்று எனக்குப் பல்வலி, தம்பி.

நன்றியுடன்,
வாசிப்பறைப் பொறுப்பாளர்,
வியாசர்பாடி, சென்னை.